அரிசியைக் குறைக்கச் சொன்னீர்கள், அப்புறம்?

சர்க்கரை வியாதிக்காரருக்கு அறிவுரை சொல்லாதவர் இந்தப் பெங்களூரில் யாருமே கிடையாது. "அரிசியைக் குறைங்க" என்று டாக்டர் சொல்கிறார். ரத்தம் எடுக்க வரும் பையன் சொல்கிறான். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவர் சொல்கிறார், லிஃப்டில் கூட வரும் மேல்வீட்டுப் பெரியவர் சொல்கிறார். சரி, குறைத்துவிட்டு என்ன சாப்பிடுவது என்று கேட்டால் அத்தனை பேரிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது: சப்பாத்தி. என் வீட்டுக்காரருக்கு டைப் டூ சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அவருக்கு ஹெச்பிஏ1சி 9.1 இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அந்த எண் 6.5ஐத் தொட்டாலே சர்க்கரை வியாதி என்று கணக்கு. 9.1 உள்ள மனிதருக்கு எப்படிச் சாப்பிட ஆரம்பிப்பது என்று உட்காரவைத்துச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை. ஒரு தாள் கிடைத்தது.

டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், வரவேற்பு மேஜையில் இருந்த பெண் ஒரு கட்டிலிருந்து அதை உருவிக் கொடுத்தாள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்துப்போயிருந்தது. காலை, 3 இட்லி அல்லது 2 தோசை. 11 மணிக்கு 2 மேரி பிஸ்கட், சர்க்கரை போடாத டீ. மதியம் 2 சப்பாத்தி, ஒரு கப் சோறு, சாம்பார், பொரியல். நாலு மணிக்கு ராகி மால்ட். இரவு 3 சப்பாத்தி அல்லது கோதுமை ரவை உப்புமா. அடியில் கட்டம் கட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, மாம்பழம், வாழைப்பழம் கூடாது என்று போட்டிருந்தது. பெயர், வயது, எடை எழுதுவதற்கு மேலே புள்ளிக்கோடு இருந்தது. அதில் யாரும் எதுவும் எழுதவில்லை. 58 வயதில் 84 கிலோ இருக்கும் என் வீட்டுக்காரருக்கும், எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒல்லிப் பெண்ணுக்கும் அதே தாள்தான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இட்லிக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம், சப்பாத்திக்குப் பதினைந்து, பதினாறு, கப் சோற்றுக்கு நாற்பதுக்கு மேல். எல்லாம் சேர்த்தால் தானியத்திலிருந்து மட்டுமே ஒரு நாளைக்கு 200 கிராமுக்குப் பக்கத்தில் மாவுச்சத்து வருகிறது. பால், பருப்பு, பழம் எல்லாம் தனி. குறை மாவு உணவு என்று பேசுகிறவர்கள் நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே என்று ஒரு கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டுக்கு இறங்கத்தான் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. "மாவைக் குறை" என்று வாயால் சொல்லிவிட்டுக் கையில் கொடுக்கும் தாளில் ஐந்து வேளையும் மாவை எழுதி வைத்திருக்கிறார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

இது தெரியாத விஷயமும் கிடையாது. பெங்களூரிலிருந்து காலை ரயில் பிடித்தால் மதியத்துக்குள் போய்ச் சேரும் சென்னையில்தான் மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இருக்கிறது. டாக்டர் வி. மோகன், டாக்டர் ஆர்.எம். அஞ்சனா ஆகியோர் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுடன் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் என்று 2023இல் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே, 18,090 பேரின் சாப்பாட்டைக் கணக்கிட்டு, புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் அதிலிருந்து மீள மாவுச்சத்து மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதம், புரதம் 19, 20 சதவீதம் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த அடுத்த கட்டுரை, இந்தியர்கள் தின்பதில் 62 சதவீதக் கலோரி மாவுச்சத்து, புரதம் வெறும் 12 என்றது. இதற்கு மேல் என்ன வேண்டும்? 62ஐ 50 பக்கம் கொண்டுவா, 12ஐ 20 பக்கம் ஏற்று. நம் சாப்பாட்டை வைத்து, நம் ஆட்களே போட்ட கணக்கு. சோறே ஆகாது என்று அது சொல்லவில்லை. நடக்கக்கூடிய காரியத்தைத்தான் சொல்கிறது. அது அந்த மேஜையில் இருந்த கட்டுக்கு வந்து சேராதது ஏன்?

அதே 2025 கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோதுமையோ சிறுதானியமோ வைத்தால் போதாது, மொத்த மாவுச்சத்து குறைந்து புரதம் கூடினால்தான் பலன் என்கிறார்கள். இதைப் பெங்களூரில் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். ராகி இந்த மண்ணின் பெருமை. எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு. கால்சியத்துக்கு அதை மிஞ்சிய தானியம் கிடையாது, நார்ச்சத்தும் அரிசியைவிடப் பல மடங்கு. ஆனால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணையை எடுத்துப் பார்த்தால் நூறு கிராம் ராகியில் 67 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரிசியில் 78. இவ்வளவுதான் தூரம். அதை நைசாக அரைத்து, தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, வெல்லம் வேறு போட்டு மால்ட் என்று குடித்தால், சட்டை மாற்றிக்கொண்டு வந்த அதே ஆள்தான். என் வீட்டுக்காரருக்கு நாலு மணி மால்ட்டுக்குப் பிறகு சர்க்கரை பார்த்தபோது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருந்ததைவிட அதிகம் காட்டியது. நாட்டு வெல்லம், கருப்பட்டி, தேன் என்று தருபவர்கள் மனசார நல்லது நினைத்துத்தான் தருகிறார்கள். உடம்பில் போய் அதுவும் சர்க்கரையாகத்தான் நிற்கிறது.

இங்கிலாந்தில் சவுத்போர்ட் என்ற ஊரில் டேவிட் அன்வின் என்று ஒரு குடும்ப டாக்டர். 150 கிராம் வேகவைத்த சோறு ரத்தத்தில் ஏற்றும் சர்க்கரை, பத்து டீஸ்பூன் சீனிக்குச் சமம் என்று படம் போட்டுக் காட்டித்தான் நோயாளிகளிடம் பேசவே ஆரம்பிக்கிறார். அவரிடம் மாவைக் குறைத்துச் சாப்பிட ஒப்புக்கொண்டவர்களில் பாதிப் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை வரம்புக்குள் வந்ததை 2023இல் வெளியிட்டார். பெரிய ஆஸ்பத்திரி கிடையாது, நம் தெருமுனை க்ளினிக் மாதிரிதான். ஒரு படம், கொஞ்சம் நேரம், அவ்வளவுதான் முதலீடு. நம் இட்லிக்கும் தோசைக்கும் பிசிபேளேபாத்துக்கும் அப்படி ஒரு படம் போட்டு ஒவ்வொரு க்ளினிக் சுவரிலும் மாட்ட என்ன தடை?

எனக்கு நெஞ்சு கொதிக்கிற இடம் மாத்திரை. தாளை ஓரமாக வைத்துவிட்டு, நாங்களாகப் படித்து, காலை இட்லியை ஒன்றாக்கி முட்டையும் காயும் வைத்தோம். மதியச் சோற்றை மூன்றில் ஒன்றாக்கினோம். இரவுக்குத் தானியமே வேண்டாம் என்று பனீரும் கீரையும். அவர் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு என்ற மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் "ஏன் இவ்வளவு புழுக்கமா இருக்கு?" என்றார். டிசம்பர் மாதப் பெங்களூர் அது. சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. விரல் நடுங்கியதில் குத்திப் பார்ப்பதே கஷ்டமாகிவிட்டது. 58 காட்டியது. 70க்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று ஸ்பூன் சீனியைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்து, 90 வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த மாத்திரை நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது, கணையத்தை இடித்து இன்சுலினை வெளியே தள்ளும். மாவு குறைந்தால் மாத்திரையும் குறைய வேண்டும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசரம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் அநேகமாக இல்லை. டாபாகிளிஃப்ளோசின் மாதிரி, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள் வேறு இருக்கின்றன. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இல் முடிந்து விலை இறங்கியதிலிருந்து அது ஏராளமான வீடுகளில் புழங்குகிறது. இந்த வகை மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு ஒரேயடியாக மாவை நிறுத்தினால், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். கொடுமை என்னவென்றால், அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது, மெஷினைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையும், எடை இறங்க இறங்கத் திருத்த வேண்டியதாகலாம். சிறுநீரகம் பழுதானவர்கள் புரதத்தைக் கூட்டும் முன்பு கேட்டே ஆக வேண்டும். இதில் எது ரகசியம்? "அரிசியைக் குறைங்க" என்று வாய் திறந்தவர், "குறைக்கும்போது இந்த மாத்திரையைப் பாதியாக்கணும், ஆரம்பிக்கும் முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே. பிறகு வேறு ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். நாங்கள் எழுதி வைத்திருந்த நோட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு கிளிமிபிரைடைப் பாதியாக்கினார், பிறகு நிறுத்தினார். ஹெச்பிஏ1சி இப்போது 6.8. அந்த அம்மா எங்களுக்குக் கொடுத்தது பத்து நிமிஷம்தான்.

வீட்டில் எப்படியோ சமாளித்துவிடலாம், வெளியே கால் வைத்தால்தான் திண்டாட்டம். 1983இல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி திறந்ததிலிருந்து, நின்றுகொண்டே சாப்பிடும் இந்தத் தர்ஷினிகள் பெங்களூருக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்திருக்கின்றன! சுத்தம், சூடு, ஏழை பணக்காரர் எல்லோருக்கும் ஒரே மேஜை, கை நிறையக் காசு வேண்டாம். அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரைக்காரர் அந்தப் பலகையை மேலிருந்து கீழே படித்துப் பார்க்க வேண்டும். இட்லி, ரவா இட்லி, செட் தோசை, காலி தோசை, மசால் தோசை, பூரி, புளியோகரே, சித்ரான்னா, ரைஸ் பாத். காராபாத்தும் கேசரிபாத்தும் ஒரே தட்டில் வைத்து சௌசௌபாத். உளுந்து வடை ஒன்றுதான் கொஞ்சம் புரதம், அதுவும் எண்ணெயில். கூட்டத்தில் முண்டியடித்து டோக்கன் வாங்கும் இடத்தில் "சோறில்லாம, மாவில்லாம ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுகிறார். கல்லாவில் இருப்பவர், "சப்பாத்தி இதே சார்", அதாவது சப்பாத்தி இருக்கிறது சார், என்கிறார்.

இத்தனைக்கும் கோசம்பரி இந்த ஊர்ச் சரக்கு. ராமநவமி அன்று தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு, பானகத்தோடும் மோரோடும் தொன்னையில் கோசம்பரி கொடுக்கிறார்கள். ஊறவைத்த பயத்தம்பருப்பு, பொடியாக நறுக்கிய வெள்ளரி, கேரட், தேங்காய்த் துருவல், கொத்தமல்லி, எலுமிச்சை, மேலே கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. அடுப்பில் வேகவைக்கக்கூட வேண்டாம். கல்யாணப் பந்தியில் அதை இலை ஓரத்தில் ஒரு ஸ்பூன் வைத்துவிட்டுச் சோற்றை மலையாகக் கொட்டுகிறார்கள். அதையே ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்து இட்லி விலை வாங்குங்கள், நாங்கள் கொடுக்கிறோம். கடலை ஊஸ்லி, பயறு ஊஸ்லி என்கிற சுண்டல், அவித்த முட்டை விற்கிற இடமென்றால் ரெண்டு முட்டை. பலகையில் மூன்று வரி சேர்த்தால் இந்த ஊரின் லட்சக்கணக்கான சர்க்கரைக்காரர்கள் மதியம் ஒரு மணிக்கு நிம்மதியாக நிற்பார்கள்.

வீட்டு அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனீர், பாதாம், ஆலிவ் எண்ணெய் இல்லாமல் குறை மாவு உணவே கிடையாது என்று ஒரு எண்ணம் பரவிவிட்டது. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் சிலர் பேலியோ என்று பாதாமும் வெண்ணெய் டீயுமாக இளைத்தார்கள், சர்க்கரையும் இறங்கியது. முட்டையும் கறியும் தாராளமாகச் சாப்பிடும் வீட்டுக்கு அது ஒத்துவரலாம். எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. எனக்குக் கைகொடுத்தது இங்கே வண்டியில் வரும் சரக்குதான். காலை ஆறரைக்கே "சொப்பு, சொப்பு" என்று கீரைக்காரம்மா குரல் கேட்கும். தண்டுக்கீரை, வெந்தயக்கீரை, சப்ஸிகே சொப்பு என்கிற சோயிக்கீரை, அரைக்கீரை எல்லாம் கட்டுக்கட்டாக இருக்கும். இங்கத்துக்காரர்கள் கீரையைப் பருப்போடு வேகவைத்து மசித்து மஸொப்பு என்று செய்வதைக் கற்றுக்கொண்டேன். கெட்டியாக வைத்தால் கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் சாப்பிடலாம், சோறு தேவையே படாது.

அப்புறம் அவரைக்காய்க் காலம். டிசம்பர் பிறந்து பனி விழ ஆரம்பித்தால் மாகடி, கோலார் பக்கத்திலிருந்து அவரை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தெருவே அந்த வாசனை அடிக்கும். ஊரில் அவரைக்காய் மேளா என்று திருவிழாவே நடக்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர்ப் பக்கத்து வீடுகளில் இதுதான் பிதுக்கம்பருப்பு. உரித்த கொட்டையை ராத்திரி தண்ணீரில் போட்டு, காலையில் ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கினால் தோல் ஒரு பக்கமும் பச்சைப் பருப்பு ஒரு பக்கமுமாகச் சறுக்கிக்கொண்டு வரும். கொத்தமல்லி, தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, பட்டை அரைத்துவிட்ட குழம்பில் அதைப் போட்டால் அந்த ஒரு குழம்புக்கே வீடு முழுக்க ஆள் கூடும். பருப்பு வகையிலும் மாவுச்சத்து உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூடவே புரதமும் நாரும் இருப்பதால் சர்க்கரை சட்டென்று ஏறாமல் மெதுவாக ஏறி இறங்குகிறது. எங்கள் வீட்டு மெஷினும் அதைத்தான் காட்டுகிறது. முதலில் காய், அடுத்து குழம்பில் இருக்கும் பருப்போ முட்டையோ, கடைசியாகக் கைப்பிடிச் சோறும் மோரும். வரிசையை மாற்றினாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை தணிகிறது. சாப்பிட்ட கையோடு கால் மணி நேரம் மொட்டை மாடியில் நடை. இதற்கெல்லாம் என்ன செலவு? ஆரம்பத்தில் சொல்லித்தர ஒரு ஆள் இருந்திருந்தால் இவ்வளவு தடுமாறியிருக்க மாட்டோம்.

உறவுக்காரர்களின் பேச்சையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஓசூரிலிருந்து வந்த நாத்தனார் தட்டைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கிவிட்டார். "என்ன அண்ணி, அண்ணனுக்கு ஒரு கரண்டி சோறுதானா? முகமே சுண்டிப் போச்சே. எங்கம்மா இருந்திருந்தா இப்படி விடுவாங்களா?" ஏழு கிலோ இறங்கி, கால் எரிச்சல் குறைந்து, ராத்திரி நாலு முறை எழுந்தவர் விடிய விடியத் தூங்குகிறார் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் இன்னொரு கரண்டி சோற்றை வைத்துவிட்டார். பாசம்தான், தெரியாமல் இல்லை. பசியில் வளர்ந்த தலைமுறைக்குத் தட்டு நிறையச் சோறு வைப்பதுதான் அன்பு. ஆனாலும் சமைத்துப் போடுகிறவள்மேல்தான் கடைசியில் பழி வந்து விழுகிறது. "ஒரு நாள்தானே" என்கிறார்கள். கிரகப்பிரவேசம், சீமந்தம், பூணூல், கோயில் பிரசாதம் என்று வருஷத்தில் எத்தனை ஒரு நாள்!

"டயபடிக்" என்று அச்சடித்து விற்கும் பொட்டலங்களைப் பற்றிப் பேசக்கூட விருப்பமில்லை. சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டில் மைதா இருக்கிறது, சுகர் ஃப்ரீ இனிப்பிலும் மாவு இருக்கிறது. இரட்டிப்பு விலை. திருப்பிப் பின்பக்கம் படியுங்கள், மாவுச்சத்து எத்தனை கிராம் என்று அங்கே போட்டிருக்கிறது.

இவ்வளவும் பேசுகிறேன், எங்களுக்கு ஒரு பென்ஷன் இருக்கிறது. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் சர்க்கரைதான். கோலார் பக்கத்துக்காரர், தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுவார். காலை ஐந்தரைக்கே சித்ரான்னம் கிளறி, அதையே டப்பாவில் போட்டுக்கொண்டு, நாலு வீடு முடிக்கும்வரை அதுதான் சாப்பாடு. என் வீட்டுக்காரரின் தட்டைப் பார்த்துவிட்டு ஒரு நாள் அந்த அம்மா கேட்டார், "எனக்கும் இப்படித் தின்னா எறங்குமா அக்கா?" இறங்கும் என்றேன். "அரிசி சும்மா வருதுக்கா. பேளே, அதான் பருப்பு, கிலோ நூத்தம்பதுக்கு மேல. ஆறு பேரு வீட்ல. எங்க போறது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ரேஷனில் அரிசி தரும் அன்னபாக்யா திட்டம் வந்த 2013இலிருந்து இந்த மாநிலத்தில் எத்தனையோ அடுப்புகள் அணையாமல் இருப்பது அந்த அரிசியால்தான். பசியைத் தீர்த்த அரிசியை யாரும் பழிக்கக் கூடாது. 2023இல் பத்துக் கிலோ தருவோம் என்று அறிவித்துவிட்டு, கூடுதல் ஐந்து கிலோவுக்கு அரிசி கிடைக்காமல் ஆளுக்கு 170 ரூபாய் பணமாகப் போட்டார்களே, அந்த 170க்கு ஒரு கிலோ பருப்பாவது வந்திருக்கும். பக்கத்திலேயே தமிழ்நாட்டு ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். எல்லை தாண்டி ஓசூரில் வாங்கும் தங்கச்சிக்கு அது கிடைக்கிறது, இங்கே வீடு பெருக்கும் அக்காவுக்குக் கிடைக்கவில்லை. இந்திரா கேன்டீன் 2017இல் திறந்தபோது காலைச் சாப்பாடு ஐந்து ரூபாய், மதியம் பத்து ரூபாய் என்று வைத்தார்களே, எவ்வளவு நல்ல காரியம்! அந்தப் பத்து ரூபாய்த் தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து ஒரு கரண்டி கடலை ஊஸ்லி சேர்க்கக் கூடாதா? சர்க்கரை வந்து கால் புண்ணாகி, கண் மங்கி, டயாலிசிஸுக்குப் போனால் அரசுக்கு ஆகும் செலவுக்கு இந்தக் கடலை எந்த மூலைக்கு?

இப்போதைக்கு அந்த அம்மாவும் நானும் சேர்ந்து ஒரு வழி பண்ணியிருக்கிறோம். கடலைக்காயை மொத்தமாக வாங்கிக்கொண்டோம். துவரை விலைக்குப் பதில் விலை குறைந்த கொள்ளும் காராமணியும் வாங்குகிறோம். சித்ரான்னத்தில் சோறு பாதி, வறுத்த கடலையும் முட்டைக்கோஸும் பாதி. நான் காய் நறுக்கும்போது அவருக்கும் சேர்த்து நறுக்கிவிடுகிறேன். ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் மாதாமாதம் இலவசமாக வாங்கும் பொட்டலத்தில் கிளிமிபிரைடும் இருக்கிறது. அது 2 மில்லிகிராம், காலையில் ஒன்று. சோற்றை முழுசாகக் குறைக்கும் முன்னால் அதைப் பேசி முடித்தாக வேண்டும். அதனால் காலையிலும் சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் கழித்தும் எங்கள் மெஷினில் பார்த்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறோம். அடுத்த மாத்திரை நாள் வியாழக்கிழமை. வீட்டு வேலைகளை முன்கூட்டியே முடித்துவிட்டு நானும் கூடப் போகிறேன். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. சோற்றை எவ்வளவு குறைத்திருக்கிறார் என்பதைச் சொல்லி, மாத்திரையை எவ்வளவு குறைக்கலாம் என்று டாக்டர் கையால் எழுதி வாங்கிக்கொண்டுதான் திரும்புவோம்.